படாக் மரத்துக்குப் புவிசார் குறியீடு: பெயர் கிடைத்தது, பலகைக்குத் தட்டுப்பாடு

புதுதில்லி: அந்தமான் தீவுகளின் படாக் மரக் கைவினைப் பொருள்களுக்கு 2025-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்துள்ளது. நிகோபாரியரின் பாய், ஹோடி எனப்படும் படகு, நிகோபார் தேங்காய் உள்ளிட்டவற்றுடன் சேர்த்து இந்தப் பெருமை வழங்கப்பட்டது. சென்னையில் உள்ள பதிவகத்தின் ஏட்டில் இடம்பெற்றுவிட்டதால், இனி வேறெங்கோ செய்த நாற்காலியை "அந்தமான் படாக்" என்று கூறி விற்க முடியாது.

ஆனால், அந்த நாற்காலியைச் செய்கிற தச்சரின் கவலை வேறு. பெயரைக் காப்பாற்றச் சட்டம் வந்துவிட்டது. பலகைக்கு எங்கே போவது என்பதுதான் அவரது கேள்வி.

படாக், தமிழர்கள் நன்கறிந்த வேங்கைக்கும் செஞ்சந்தனத்துக்கும் நெருங்கிய உறவுள்ள மரம். அந்தமான் காடுகளுக்கே உரியது. நிகோபார் தீவுகளில்கூட இயல்பாக வளர்வதில்லை. அடிமரத்தைத் தாங்கிச் சுவர்போலப் பக்கவாட்டில் விரியும் பலகை வேர்கள் இதன் தனிச்சிறப்பு. அந்த வேரை அறுத்தால் ஒட்டுப்போடாத ஒரே பலகையாக மேசையின் மேல்தளம் கிடைத்துவிடும். பழைய படாக் மேசைகளை விலைமதிப்பற்றவையாக ஆக்கியது இந்த வேர்தான்.

வைரத்தின் நிறம் இளஞ்சிவப்பு முதல் கருஞ்சிவப்பு வரை மாறுபடும். இடையிடையே கரிய ரேகைகள் ஓடும். வெயிலும் காற்றும் பட்டால் சிவப்பு மெல்ல மங்கிப் பழுப்பாகும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க வணிகர்கள் இதனை "வெர்மிலியன்" என்ற பெயரில் விற்றனர். புகழ்பெற்ற புல்மன் ரயில் பெட்டிகளின் உட்புறத்தை இம்மரம் அலங்கரித்தது. பக்கிங்ஹாம் அரண்மனையிலும் படாக் உண்டு என்று தீவுகளின் வழிகாட்டிகள் சுற்றுலாப் பயணிகளிடம் கூறுவது வழக்கம்.

சாத்தம் ஆலை

படாக்கின் வரலாற்றைச் சாத்தம் தீவிலிருந்துதான் தொடங்க வேண்டும். ஆங்கிலேயர் 1858-இல் போர்ட் பிளேரில் கைதிகள் குடியேற்றத்தை நிறுவினர். கால் நூற்றாண்டு கழிந்து 1883-இல் வனத்துறையும், சாத்தமில் மரம் அறுக்கும் ஆலையும் தோன்றின. யானைகள் காட்டிலிருந்து இழுத்து வந்த கட்டைகள் கடல் வழியே ஆலைக்கு வந்து சேர்ந்தன. காட்டு வேலைக்கென்று 1918 முதல் சோட்டாநாகபுரிப் பகுதியிலிருந்து ராஞ்சித் தொழிலாளர்களும், 1925-இல் பர்மாவிலிருந்து கரேன் இனத்தவரும் அழைத்து வரப்பட்டனர். இரண்டாம் உலகப் போரின்போது 1942-இல் ஜப்பானியர் வீசிய குண்டு விழுந்த பள்ளம் ஆலை வளாகத்தில் இன்றும் காட்டப்படுகிறது.

விடுதலைக்குப் பின் கிழக்கு வங்கத்து அகதிகளும், தமிழர், தெலுங்கர், மலையாளிகளும் வந்து குடியேறினர். தீவுகளின் தச்சுத் தொழில் இவர்கள் எல்லோருடைய கைகளிலும் வளர்ந்தது. எனவே தஞ்சாவூர்த் தட்டுக்கோ சகாரன்பூர்ச் செதுக்கு வேலைக்கோ இருப்பதுபோல ஒரே குலமரபை இங்கே தேடுவது வீண். மரம்தான் இங்கே மரபு.

பணியாத மரம்

படாக் எளிதில் பணிகிற மரமன்று. அதன் இழைகள் ஒன்றையொன்று எதிர்த்துப் பின்னிக் கிடப்பவை. இழைப்புளியை ஒரு திசையில் ஓட்டினால் பாதி வழுவழுப்பாகும், மறுபாதி பிய்ந்து எழும்பும். அறுக்கும்போது பறக்கும் சிவந்த தூள் மூக்கில் ஏறினால் தும்மல் நிற்காது. சிலருக்குத் தோலிலும் அரிப்பு ஏற்படும். ஆனால் பொறுமையாக இழைத்து மெருகேற்றிவிட்டால் ரேகைகள் பட்டுபோல மின்னும்.

முன்பெல்லாம் வைரத்தை ஒட்டிய வெளிறிய பகுதியைக் கழித்துவிடுவார்கள். பலகை அருமையாகிவிட்ட இக்காலத்தில், அந்த வெளிறிய பட்டையையே சிவப்புக்கு எதிர்நிறமாக விட்டு வடிவமைப்பதும் உண்டு. பஞ்சம் சில நேரங்களில் நல்ல ரசனையையும் கற்றுத் தருகிறது.

மரத்தை ஒழுங்காக உலர்த்துவது மற்றொரு சோதனை. ஈரம் மிகுந்த தீவுக் காற்றில் பழகிய பலகை தில்லியின் மே மாத அனலுக்கு வந்தால் சுருங்கும், இணைப்புகள் விட்டுப்போகும். அந்தமான் பணி முடித்துத் திரும்பும் ராணுவ, அரசு அதிகாரிகள் ஆசையாகக் கொண்டுவரும் சாப்பாட்டு மேசை, அவசரமாகச் செய்யப்பட்டதாயின் முதல் கோடையிலேயே வெடிப்பு விடுவதற்கு இதுவே காரணம்.

உச்ச நீதிமன்றத்தின் தடை

தட்டுப்பாட்டின் வேர் தில்லியில் இருக்கிறது. லிட்டில் அந்தமானில் ஓங்கே பழங்குடியினரின் காடுகள் வெட்டப்படுவதை எதிர்த்து தன்னார்வ அமைப்புகள் உச்ச நீதிமன்றத்தை அணுகின. இயற்கையாக வளர்ந்த மரங்களை வெட்ட 2001 அக்டோபரில் இடைக்காலத் தடை விதிக்கப்பட்டது. பின்னர் நீதிமன்றம் நியமித்த சேகர் சிங் ஆணையத்தின் அறிக்கையை ஏற்று, 2002 மே 7-இல் விரிவான உத்தரவு பிறந்தது. பழங்குடியினர் ஒதுக்கீட்டுப் பகுதிகளில் மரம் வெட்டத் தடை விதிக்கப்பட்டது. தீவுகளிலிருந்து மரம் வெளியே செல்வதும் தடுக்கப்பட்டது. உள்ளூர் மக்களின் உண்மையான தேவைக்கு மட்டுமே மரம் என்ற நிலை உருவாயிற்று.

ஒட்டுப்பலகை ஆலைகள் பல பத்தாண்டுகளாகக் காடுகளைக் காலிசெய்து வந்ததை நினைத்தால், இந்தத் தடை தாமதமாக வந்தது என்றுதான் கூற வேண்டும். மரம் வெட்டும் பணியிலிருந்த அரசின் வன, தோட்ட வளர்ச்சிக் கழகமும் அதன்பின் நலிந்தது. அதனை மூட மத்திய அமைச்சரவை 2017-இல் ஒப்புதல் அளித்தது. ஆனால் ஆலைகள் கப்பல் கப்பலாகத் தின்ற மரத்தோடு ஒப்பிட்டால், பட்டறைத் தச்சர் கேட்பது சில பலகைகளே. ஆலைக்கு விழுந்த பூட்டு பட்டறைக்கும் சேர்ந்தே விழுந்துவிட்டது.

புவிசார் குறியீடு இந்தச் சிக்கலைத் தீர்க்காது, கூட்டவும் கூடும். பெயர் பரவினால் வெளியூர்த் தேவை பெருகும். நட்ட படாக் கன்று வைரம் பாய்ந்த மரமாவதற்கோ ஒரு தலைமுறைக்கும் மேலாகும். கிரேட் நிகோபார் திட்டத்துக்காக லட்சக்கணக்கான மரங்கள் வெட்டப்படவிருப்பதைச் சிலர் சுட்டிக்காட்டக்கூடும். அங்கே விழுபவை படாக் அல்ல என்பதால் இந்தத் தச்சர்களின் குறை அதனால் நீங்காது.

இந்நிலையில் பட்டறைகள் கைக்கெட்டிய துண்டுகளை வைத்துச் சமாளிக்கின்றன. கட்டிலுக்கும் ஊஞ்சலுக்கும் அளவெடுத்த இடங்களில் சுவர்க் கடிகாரம், நகைப்பெட்டி, கைத்தடி, தட்டு, ஆமை பொம்மை ஆகியவை தயாராகின்றன. விமானப் பயணி பெட்டியில் வைத்து எடுத்துச் செல்லக்கூடிய அளவே பொருளின் அளவு. 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேரில், அரசின் "சாகரிகா" விற்பனை நிலையத்துக்குச் செல்பவர்கள் தேடுவதும் பெரும்பாலும் இத்தகைய சிறு பொருள்களையே.

பெரிய மேசை வேண்டுமென்றால், வாங்கியவர் முதலில் வனத்துறையின் அனுமதிச் சீட்டுக்கு விண்ணப்பிக்க வேண்டும். அது கைக்கு வந்த பிறகே மேசை சென்னைக் கப்பலில் ஏறும்.