மீட்டர் வட்டியும் மகளிர் மன்றமும்

காலையில் 900 ரூபாய் கைக்கு வரும். மாலைக்குள் 1,000 ரூபாயாகத் திருப்பிக் கட்ட வேண்டும். தள்ளுவண்டிக்காரருக்கும் பூக்காரருக்கும் பழகிப்போன கணக்கு இது. பத்திரமும் கேட்பதில்லை, ஜாமீனும் கேட்பதில்லை. தவணை தவறினால் வீட்டு வாசலில் ஆள் வந்து நிற்பான்.

2003-ல் தமிழ்நாடு அரசு கொண்டுவந்த அதீத வட்டித் தடைச் சட்டம் தண்டல், கந்து வட்டி, மீட்டர் வட்டி என்று தெருப் பெயர்களையே எழுதி வைத்தது. 3 ஆண்டு வரை சிறை, 30,000 ரூபாய் வரை அபராதம். ஆனால் 2017 அக்டோபர் 23 அன்று, பலமுறை மனுக் கொடுத்தும் பலனில்லாமல், ஒரு தொழிலாளியின் குடும்பம் நெல்லை கலெக்டர் அலுவலகத்திலேயே தீக்குளித்தது. 2022-ல் கடலூரில் கந்துவட்டித் தொல்லையால் ஒரு காவலரே உயிரை மாய்த்துக்கொண்ட பிறகுதான் 'ஆபரேஷன் கந்துவட்டி' அறிவிக்கப்பட்டது. காக்கி உடுப்புக்கே அந்தக் கதி!

வட்டிக்காரனின் பலம் அடியாள் மட்டுமல்ல. கடன் வாங்கியதை வெளியே சொல்லக் கூசுகிறவரின் தனிமையும்தான்.

அந்தத் தனிமையை உடைப்பது கூட்டம். சென்னையை அடுத்த பம்மல் ஶ்ரீ சங்கரா நகரில் 1994-ல் பெண்கள் சிலர் மகளிர் மன்றம் அமைத்து வீடு வீடாகக் குப்பை சேகரிக்கத் தொடங்கினார்கள். அவர்கள் நோக்கம் குப்பைதான், வட்டியல்ல. என்றாலும், யார் வீட்டில் என்ன சிக்கல் என்பது அப்படிக் கூடும் பெண்களுக்கு எந்த ரோந்து வண்டியையும்விட முன்னதாகத் தெரியும். சென்னையில் ஜெயா அருணாச்சலம் 1978-ல் தொடங்கிய உழைக்கும் மகளிர் அமைப்பு இன்னும் நேரடியாக இறங்கியது: வட்டிக்காரரை நம்பியிருந்த நடைபாதை வியாபாரிப் பெண்களைக் குழுவாக்கி வங்கிக் கடன் வாங்கிக் கொடுத்தது, 1981-ல் சொந்தமாகக் கூட்டுறவுச் சங்கமே கண்டது.

தனி ஆளுக்கும் கூட்டத்துக்கும் உள்ள வித்தியாசம் வெளிநாட்டிலும் தெரிந்தது. இத்தாலியின் பலேர்மோவில் மாஃபியாவுக்கு மாமூல் கட்ட மறுத்த தொழிலதிபர் லிபெரோ கிராஸி 1991-ல் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் தனி ஆளாக மறுத்தவர். 2004-ல் அதே ஊர் இளைஞர்கள் 'அத்தியோபீட்சோ' இயக்கம் தொடங்கி, மாமூல் தராத கடைகளைப் பட்டியலிட்டு, அங்கேயே வாங்கும்படி மக்களைக் கேட்டார்கள்.

குழு என்றாலே பாதுகாப்பு என்று சொல்லிவிட முடியாது. ஒருத்தி தவணை தவறினால் மற்றவர்களை விட்டே அவளை அவமானப்படுத்தும் சிறுகடன் நிறுவனங்களும் உண்டு. கட்டாய வசூலைத் தடுக்க 2025-ல் தமிழ்நாடு தனிச் சட்டமே இயற்ற வேண்டியிருந்தது.

காவலுக்கும் சட்டத்துக்கும் குறைவில்லை. பம்மல் அடங்கிய தாம்பரத்துக்கு 2022 ஜனவரி 1 முதல் தனி போலீஸ் கமிஷனரகம் இருக்கிறது. மிரட்டிப் பணம் பறிக்கும் கும்பல்மீது பாரதிய நியாய சன்ஹிதாவின் 111-ஆம் பிரிவு 2024 ஜூலை முதல் பாய்கிறது. 2003 சட்டப்படி, கடன் வாங்கியவர் நியாயமான பாக்கியை நேராக நீதிமன்றத்திலேயே கட்டவும் வழி உண்டு. சங்கக் கூட்டத்தில் யாராவது எடுத்துச் சொன்னால்தான் பூக்காரருக்கு அது தெரியவரும்.