பெயர் தெரியாத தழையா? தொழுவத்தில் போடாதீர்கள்!

மழை பெய்து ஓய்ந்த மறுநாள். சுருளி மலையடிவாரத்தில் எங்கு பார்த்தாலும் ஒரே பச்சை! "இத்தனை தழை சும்மா கிடக்கிறதே, வீட்டு ஆட்டுக்கும் முயலுக்கும் ஒரு கட்டு அறுத்துப் போடலாமே" என்று நினைக்காதவர் யார்?

சற்றுப் பொறுங்கள்! அந்தத் தழையின் பெயர் உங்களுக்குத் தெரியுமா?

அழகிலே ஆபத்து

கம்பம் பள்ளத்தாக்கைச் சுற்றியுள்ள மலைச்சரிவுகளில் உண்ணிச்செடி புதர் புதராக மண்டிக் கிடக்கிறது. அமெரிக்க வெப்பநாடுகளில் பிறந்த இச்செடியை, 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெள்ளைக்காரர்கள் அழகுக்காக இந்தியாவுக்குக் கொண்டு வந்தார்கள். பூ அழகுதான்; இலையோ விஷம்!

அதைத் தின்ற மாட்டுக்குக் கல்லீரல் கெடும். தீனி இறங்காது. சாணம் இறுகும். கண் மஞ்சளாகும். வெயில் பட்ட தோல் வெந்து உரியும்.

மலையில் மேய்ந்து பழகிய மாடு பெரும்பாலும் அதை ஒதுக்கிவிடும். சந்தையிலிருந்து புதிதாக வந்த மாடும், பசியால் வாடிய மாடும்தான் வாய் வைத்துவிடும்.

குருவி தின்றால் போதுமா?

"உண்ணிப் பழத்தைக் குருவி தின்கிறதே!" என்பார்கள். உண்மைதான். ஆனால் குருவியின் வயிறு வேறு, பசுவின் வயிறு வேறு. ஊமத்தை இனத்தின் விஷத்தைத் தாங்கும் முயல்கள்கூட உண்டு. அதற்காக அது மாட்டுக்கு ஆகுமா? முயலுக்கும் எல்லா விஷமும் அப்படியல்ல. தின்றதை வாந்தியெடுக்கவும் அதனால் முடியாது.

பெயரும் ஏமாற்றும்

விதையில் எண்ணெய் எடுக்கும் காட்டாமணக்கு வேறு. வாய்க்கால் ஓரத்தில் இளம் ஊதாப்பூப் பூக்கும் நெய்வேலிக் காட்டாமணக்கு வேறு. இரண்டுமே நஞ்சு! பின்னதை நாள்கணக்கில் தின்ற ஆடு, நரம்பு தளர்ந்து தள்ளாடும்.

தெரிந்த பயிரும் சில சமயம் பகையாகும். மழையின்றி வாடிய இளஞ்சோளத்தைத் தின்ற மாடு, சிறிது நேரத்திலேயே விழுந்துவிடக்கூடும்.

என்ன செய்யலாம்?

ஒற்றை இலையைக் கிள்ளிக்கொண்டு போய்க் கேட்காதீர்கள். இலை, தண்டு, பூ, காய் எல்லாம் சேர்ந்த கிளையைப் பத்திரிகைத் தாள்களுக்கு நடுவே வைத்து அழுத்துங்கள். எங்கே முளைத்தது, கிள்ளினால் பால் வடிந்ததா என்று குறித்துக்கொள்ளுங்கள். மலைமாடு மேய்க்கும் பெரியவரிடம் காட்டுங்கள். கால்நடை மருத்துவரிடமும் காட்டுங்கள். தேனியிலேயே கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. இருவரும் அது இன்ன செடி, தீங்கில்லை என்று சொல்லும்வரை தழை வெளியேயே கிடக்கட்டும்.

தின்றுவிட்டதா? வாயைப் பிளந்து எண்ணெயும் புளிக்கரைசலும் ஊற்றாதீர்கள். அது நுரையீரலுக்குள் போய்விடக்கூடும். உடனே மருத்துவரை அழையுங்கள். மிஞ்சிய தழையையும் எடுத்துக் காட்டுங்கள். என்ன விஷம் என்று தெரிந்தால்தானே மருந்து!

வாயில்லாச் சீவன், நாம் போடுவதை நம்பித் தின்கிறது. அகத்தியும் வேலிமசாலும் இருக்க, ஊர் பேர் தெரியாத தழை நமக்கு எதற்கு?