மூடி போட்ட மாவு

மார்கழி வந்தால் இட்லி மாவுக்கும் எனக்கும் ஆகாது. ராத்திரி எட்டு மணிக்கு அரைத்து வைத்தால் காலை ஆறு மணிக்கும் வைத்த அளவிலேயே கிடக்கும். சித்திரையில் இதே மாவு ஏழெட்டு மணி நேரத்தில் பொங்கி, மூடியைத் தள்ளிக்கொண்டு மேடையெல்லாம் வழியும்.

உளுந்தோடு ஒட்டிக்கொண்டு வரும் லியூகோநாஸ்டாக் போன்ற நுண்ணுயிர்கள் மாவிலுள்ள சர்க்கரையைத் தின்று கரியமில வாயுவை விடுகின்றன. உளுந்தின் பிசுபிசுப்பு அந்தக் காற்றைப் பிடித்து வைத்துக்கொள்வதால் மாவு எழும்புகிறது. குளிர் அடித்தால் அவை மந்தமாகிவிடும். அதட்டி வேலை வாங்க முடியாது.

ஆட்டுக்கல்லில் தோள் வலிக்க ஆட்டிய வேலையைக் கோவையில் செய்த கிரைண்டர் எடுத்துக்கொண்டது. அதற்குப் புவிசார் குறியீடுகூடக் கிடைத்தது. டில்டிங் வந்தது, டேபிள் டாப் வந்தது. அரைக்கும் சிரமம் குறைந்ததே தவிர, புளிக்கும் நேரம் அசையவில்லை.

ஒரு மார்கழியில் விருந்தாளிகள் வந்திருந்தார்கள். விடியற்காலை நாலு மணியிலிருந்து மாவுப் போசியைத் திறந்து பார்த்தபடி இருந்தேன். பார்த்ததோடு விட்டிருக்கலாம், கரண்டி விட்டுக் கலக்கினேன். எழும்பியிருந்த கொஞ்சநஞ்சக் காற்றும் போனது. பதற்றத்தில் ஆப்ப சோடாவை அள்ளிப் போட்டேன். இட்லி மஞ்சள் பூத்து, சோப்பு வாடையோடு வந்தது. விருந்தாளிகள் மரியாதைக்கு ஆளுக்கு இரண்டு சாப்பிட்டார்கள்.

"ஏங்கண்ணு, தொறந்து தொறந்து பாத்தா அது எப்படிப் பொங்கும்?" என்றார் அம்மிச்சி, என் அம்மாவின் அம்மா.

பொறுமை என்றதும் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருப்பதைத்தான் நினைக்கிறோம். அம்மிச்சி அப்படிக் காத்திருந்து நான் பார்த்ததில்லை. உளுந்தைப் பந்து பந்தாக வரும்வரை ஆட்டுவார். உப்புப் போட்டு, அடிவரை கைவிட்டுக் கலப்பார். குளிர்காலமென்றால் சூடு ஆறாத அடுப்போரம் போசியை நகர்த்தி, பழைய சேலையைச் சுற்றிவிடுவார். அதுவரை அவர் வேலை. அப்புறம் திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்ப் படுத்துவிடுவார். அந்தத் தூக்கம்தான் எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

இப்போது மார்கழியில் மத்தியானமே அரைத்துவிடுகிறேன். இன்று காலை மூடியைத் தூக்கினேன். விளிம்பில் ஒட்டியிருந்த மாவு நூலாக இழுத்தது. இட்லிச் சட்டியில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது.