ஃபார்மட் அடிப்பதற்கு முன் எடுத்துவைக்க வேண்டிய ஃபோல்டர்

கம்ப்யூட்டர் தள்ளாடுகிறது, விண்டோஸைப் புதிதாகப் போட்டுவிடலாம் என்று முடிவாகிறது. “என்னென்ன வேணும்னு சொல்லுங்க சார், காப்பி எடுத்துட்டு ஃபார்மட் அடிச்சிடலாம்” என்பார் சர்வீஸ்காரர். டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், புகைப்படங்கள், டேலி கணக்கு எல்லாம் வெளி ஹார்ட் டிஸ்க்குக்குப் போகும். மின்னஞ்சல் மட்டும் யார் நினைவுக்கும் வராது. அது இன்டர்நெட்டில்தானே இருக்கிறது என்றோ, மெயில் மென்பொருளை மறுபடி நிறுவினால் தானாக வந்துவிடும் என்றோ ஓர் எண்ணம். அந்த எண்ணத்தால் பலர் பல வருடக் கடிதங்களை இழந்திருக்கிறார்கள்.

ஜிமெயிலைப் பிரவுசரில் மட்டும் திறந்து பார்ப்பவர்களுக்கு இந்தக் கவலை இல்லை. ஆனால் ஆடிட்டர் அலுவலகங்கள், ஏற்றுமதி நிறுவனங்கள், சிறு பதிப்பகங்கள், ஆய்வாளர்கள் என்று கடிதங்களைக் கணினியிலேயே இறக்கி வைத்துக்கொள்பவர்கள் இன்றும் நிறையப் பேர். அவர்கள் பயன்படுத்தும் மென்பொருள்களில் தண்டர்பேர்டை இங்கே எடுத்துக்கொள்கிறேன். மொஸில்லா 2004 டிசம்பரில் இதன் முதல் முழுப் பதிப்பை வெளியிட்டது. இலவசமானது, மூலநிரல் திறந்தது, விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடக்கூடியது. தன்னிடம் உள்ளதை அது ஒளித்துப் பூட்டிவைக்காமல் சாதாரணக் கோப்புகளாகவே வைத்திருக்கிறது. அதனால்தான் எனக்கு அதன்மேல் தனி மதிப்பு.

உங்கள் கடிதங்கள் எங்கே இருக்கின்றன என்பதை முதலில் தீர்மானிப்பது, கணக்கைச் சேர்த்தபோது தேர்ந்தெடுத்த முறை. ஐமேப் என்றால் அசல் சர்வரில் இருக்கும். கணினியில் இருப்பது நகல். டிஸ்க்கை அழித்தாலும் கடவுச்சொல்லைக் கொடுத்தால் எல்லாம் மறுபடி இறங்கும். பாப் என்றால் கதை வேறு. கடிதத்தைக் கணினிக்கு இறக்கிக்கொண்டு, ‘சர்வரிலும் ஒரு பிரதி இருக்கட்டும்’ என்று சொல்லிவைக்காத வரை, சர்வரில் இருப்பதை அழித்துவிடுவது அதன் வழக்கம். அப்படியானால் உலகத்திலேயே அந்தக் கடிதத்தின் ஒரே பிரதி உங்கள் சி டிரைவில் இருப்பதுதான். அனுப்பிய கடிதங்களும் அப்படியே. ஐமேப் பயனர்களும் முழுக்க நிம்மதியாக இருந்துவிட முடியாது. ஜிமெயிலின் 15 ஜிபி இலவச இடம் நிறையும்போது பழைய கடிதங்களை ‘லோக்கல் ஃபோல்டர்ஸ்’ பகுதிக்கு இழுத்துப் போடுகிறோம் அல்லவா? இழுத்துப் போட்டபின் அவை சர்வரிலும் இருக்கும் என்று நம்பியிருக்க முடியாது.

தண்டர்பேர்டு இதையெல்லாம் சேர்த்து வைக்கும் ஃபோல்டருக்குப் புரொஃபைல் என்று பெயர். விண்டோஸில் இது சி டிரைவுக்குள் யூசர்ஸ், அதற்குள் உங்கள் பெயர், பிறகு ஆப்டேட்டா, ரோமிங், தண்டர்பேர்டு, புரொஃபைல்ஸ் என்று ஆழத்தில் கிடக்கிறது. எட்டு எழுத்தும் எண்ணும் கலந்த ஏதோ ஒரு பெயரும், அதன் பின்னால் ‘டிஃபால்ட்’ என்ற ஒட்டும் அந்த ஃபோல்டருக்கு இருக்கும். நடுவில் வரும் ஆப்டேட்டாவை விண்டோஸ் மறைத்தே வைத்திருக்கிறது. சர்வீஸ்காரர் கண்ணில் அது படாததற்குக் காரணம் இதுதான். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. தேடிப் போக வேண்டிய அவசியமும் இல்லை. தண்டர்பேர்டின் ஹெல்ப் மெனுவில் டிரபிள்ஷூட்டிங் இன்ஃபர்மேஷன் என்று ஒரு வரி உண்டு. அதைத் திறந்தால் ‘புரொஃபைல் ஃபோல்டர்’ என்பதற்கு எதிரே ஒரு பொத்தான் இருக்கும். அழுத்தினால் ஃபோல்டர் நேராகத் திறக்கும்.

உள்ளே ‘மெயில்’ என்ற ஃபோல்டரில் பாப் கடிதங்களும் லோக்கல் ஃபோல்டர்ஸும் இருக்கும். ‘ஐமேப்மெயில்’ என்பதில் ஐமேப் நகல்கள். அங்கே ‘இன்பாக்ஸ்’ என்று எந்த நீட்டிப்பும் இல்லாத ஒரு கோப்பைக் காணலாம். பல நூறு எம்பி, சில சமயம் பல ஜிபி கனக்கும். நீங்கள் பெற்ற கடிதங்கள் அத்தனையும் அந்த ஒரே கோப்பில் ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதப்பட்டிருக்கின்றன. எம்பாக்ஸ் எனப்படும் இந்த வடிவம் 1970களின் யூனிக்ஸ் கணினிகளிலிருந்து வருவது.

நோட்பேடில் திறந்தே பார்க்கலாம்; ஆனால் அசலை விட்டுவிட்டு ஒரு நகலைத் திறங்கள், அதுவும் சின்ன ஃபோல்டர் ஒன்றின் நகலை. ஒவ்வொரு கடிதத்தின் தொடக்கத்திலும் ஆங்கிலத்தில் ‘ஃப்ரம்’ என்ற சொல், ஓர் இடைவெளி, ஒரு சிறுகோடு, பின்னர் கிழமையும் தேதியும் நேரமும். இந்த வரியைப் பார்த்துத்தான் ஒரு கடிதம் முடிந்து அடுத்தது தொடங்குகிறது என்று மென்பொருள் தெரிந்துகொள்கிறது. கடிதத்தின் உடலிலேயே ஒரு வரி அப்படித் தொடங்கிவிட்டால் குழப்பம் வரும் என்பதால், அதற்கு முன் ஓர் அம்புக்குறியை இட்டுவைப்பது பழைய ஏற்பாடு. சற்றுக் கீழே ‘எக்ஸ் மொஸில்லா ஸ்டேட்டஸ்’ என்று ஒரு வரியும் நான்கு இலக்கமும் வரும். 0001 என்றிருந்தால் படித்த கடிதம். அதே இடத்தில் 8 தெரிந்தால், நீங்கள் நீக்கிவிட்ட கடிதம். ஆம், நீக்கிய கடிதமும் கோப்பிலேயே இருக்கிறது. ‘காம்பாக்ட்’ செய்யும்வரை தண்டர்பேர்டு அதைத் திரையில் காட்டாமல் விடுகிறது, அவ்வளவுதான். தவறி அழித்த கடிதத்தை இந்த எண்ணைத் திருத்தி மீட்டுவிடவும் முடியும். தமிழில் வந்த கடிதங்களும் இணைப்புகளும் பெரும்பாலும் ஆங்கில எழுத்துக் கட்டங்களாகக் குறியேற்றப்பட்டிருக்கும் என்பதால் நோட்பேடில் நேரடியாகப் படிக்க முடியாது. பதற வேண்டாம், தண்டர்பேர்டு திறந்தால் தமிழாகவே வரும்.

ஒவ்வொரு எம்பாக்ஸ் கோப்புக்கும் பக்கத்தில் அதே பெயரில் ‘எம்எஸ்எஃப்’ என்று முடியும் சிறு கோப்பு ஒன்று இருக்கும். அது புத்தகத்தின் பொருளடக்கம் மாதிரி. கிழிந்து போனாலும் புத்தகத்தைப் புரட்டி மறுபடி எழுதிக்கொள்ளலாம். மீட்டெடுத்தபின் ஒரு ஃபோல்டர் காலியாகவோ தாறுமாறாகவோ தெரிந்தால், தண்டர்பேர்டை மூடிவிட்டு அந்த எம்எஸ்எஃப் கோப்பை மட்டும் அழியுங்கள். அடுத்த முறை அதுவே புதிதாக எழுதிக்கொள்ளும். தேடலுக்கான பெரிய அட்டவணைக் கோப்பும் இதே ரகம்.

இழந்தால் திரும்பாதவை வேறு. கணக்குகளின் அமைப்பு ‘ப்ரெஃப்ஸ்’ கோப்பில். முகவரிகள் ‘ஏபுக்’ கோப்பில். கடவுச்சொற்கள் ‘லாகின்ஸ்’, ‘கீ4’ என்ற இரண்டு கோப்புகளில். ஒன்று பூட்டு, ஒன்று சாவி, இரண்டும் சேர்ந்து வந்தால்தான் பயன். பாப் கணக்கின் ஃபோல்டரில் ‘பாப்ஸ்டேட்’ என்று ஒரு குட்டிக் கோப்பு உண்டு. எந்தக் கடிதங்களை ஏற்கெனவே இறக்கியாயிற்று என்ற பட்டியல் அது. சர்வரில் பிரதி விட்டுவைப்பவர்கள் இதைத் தவறவிட்டால், எல்லாக் கடிதமும் இரண்டாம் முறை வந்து குவியும். மறையாக்கக் கடிதங்களுக்கு ஓபன்பிஜிபி சாவி வைத்திருப்பவர்கள் அதைத் தொலைத்தால், அந்தக் கடிதங்கள் கண்முன் இருந்தும் படிக்க முடியாதவை ஆகிவிடும்.

எனவே பொறுக்கி எடுக்க வேண்டாம். ரோமிங்குக்குள் இருக்கும் தண்டர்பேர்டு ஃபோல்டரை முழுதாக நகலெடுங்கள். அதற்கு முன் மென்பொருளை மூடியாக வேண்டும். திறந்திருக்கும்போது எடுத்த நகலில் முகவரிக் கோப்பு அரைகுறையாக எழுதப்பட்டிருக்கலாம். டூல்ஸ் மெனுவில் எக்ஸ்போர்ட் வசதியும் இருக்கிறது. ஆனால் புரொஃபைல் 2 ஜிபியைத் தாண்டினால் கையால் நகலெடுப்பதே வழி. இன்னொரு முட்டுக்கட்டை பென் டிரைவில் வரும். எஃப்ஏடி32 முறையில் ஃபார்மட் செய்த டிரைவ், 4 ஜிபிக்கு மேற்பட்ட தனிக் கோப்பை ஏற்காது. ஒரு பெரிய இன்பாக்ஸ் மட்டும் விடுபட்டு, மற்றதெல்லாம் ஒழுங்காக வந்துசேரும்; பார்வைக்கு எல்லாம் வந்துவிட்டது போலவே இருக்கும். எக்ஸ்ஃபேட் அல்லது என்டிஎஃப்எஸ் டிரைவைப் பயன்படுத்துங்கள். நகலின் மொத்த அளவு அசலோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்தபிறகே டிஸ்க்கை அழிக்க அனுமதியுங்கள். அந்த டிரைவைக் கடையில் விட்டுவராதீர்கள். முதன்மைக் கடவுச்சொல் வைக்காத புரொஃபைலை யார் திறந்தாலும் உங்கள் மெயில் கடவுச்சொற்களைப் பார்க்க முடியும்.

புதிய விண்டோஸில் திருப்பி வைப்பது எளிது. தண்டர்பேர்டை நிறுவி, ஒருமுறை திறந்து மூடிவிட்டு, அது புதிதாக உருவாக்கிய தண்டர்பேர்டு ஃபோல்டரின் பெயரை மாற்றிவிட்டு, அதே இடத்தில் பழையதை வையுங்கள். திறந்ததும் கடிதங்கள் இருக்க வேண்டும்.

சில சமயம் இருக்காது. ‘புதிய கணக்கைச் சேருங்கள்’ என்று வெற்றுத்திரை வரவேற்கும். நகலெடுத்தது வீண் என்று மனம் உடைந்து, அந்தத் திரையிலேயே புதிதாகத் தொடங்கிவிடுகிறவர்கள் உண்டு. வேண்டாம். தண்டர்பேர்டு, தான் நிறுவப்பட்டிருக்கும் இடத்தை வைத்தே தனக்கான புரொஃபைலைத் தேர்ந்தெடுக்கிறது. முன்பு 32 பிட் பதிப்பு ஒரு ஃபோல்டரில் இருந்தது, இப்போது 64 பிட் பதிப்பு வேறொன்றில் இருக்கிறது என்றால், தன்னைப் புதியவராகக் கருதிக்கொண்டு வெற்றுப் புரொஃபைல் ஒன்றைத் திறந்துவிடும். பழையது பக்கத்திலேயே பத்திரமாக இருக்கிறது. முன்னே சொன்ன டிரபிள்ஷூட்டிங் பக்கத்தின் ‘அபௌட் புரொஃபைல்ஸ்’ இணைப்பைத் திறந்தால் எல்லாப் புரொஃபைல்களும் வரிசையாகத் தெரியும். பழையதை இயல்பானதாக அமைத்து மறுபடி தொடங்குங்கள். உள் ஃபோல்டரை மட்டும்தான் நகலெடுத்தீர்கள் என்றால், புதிய புரொஃபைல் உருவாக்கும்போது ‘ஃபோல்டரைத் தேர்ந்தெடு’ என்பதில் அதைக் காட்டினால் போதும்.

‘பழைய பதிப்பைத் தொடங்கியிருக்கிறீர்கள்’ என்று மறுத்தால், முன்பிருந்ததைவிடப் பழைய தண்டர்பேர்டை நிறுவியிருக்கிறீர்கள் என்று பொருள். புதியதை நிறுவினால் தீர்ந்தது.

விண்டோஸை விட்டு லினக்ஸுக்குப் போகிறவர்களும் இதே புரொஃபைலைக் கொண்டுபோகலாம். கடிதங்கள் இருக்கும் இடத்தைப் புரொஃபைலுக்குள்ளிருந்து கணக்கிட்டே குறித்துவைப்பதால், சி டிரைவ் என்பதே இல்லாத கணினியிலும் தண்டர்பேர்டு அவற்றைக் கண்டுகொள்கிறது. உபுண்டு 24.04 முதல் தண்டர்பேர்டு ஸ்னாப் தொகுப்பாக வருவதால் ஃபோல்டர் ஹோமுக்குள் நேரடியாக இராது. ஸ்னாப் என்ற ஃபோல்டருக்குள் தேட வேண்டும். கோப்புகளின் உரிமை உங்கள் பயனர் பெயரில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

நகலெடுக்காமலே விண்டோஸைப் போட்டாயிற்றா? டிஸ்க்கை ஃபார்மட் செய்யாமல் மேலேயே நிறுவியிருந்தால் சி டிரைவில் ‘விண்டோஸ் ஓல்ட்’ என்ற ஃபோல்டரில் பழைய யூசர்ஸ் முழுதும் கிடக்கும். சில நாட்களில் விண்டோஸே அதை அழித்துவிடும் என்பதால் இன்றே பாருங்கள். ஃபார்மட் செய்துவிட்டால், பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க்கில் மீட்பு மென்பொருளுக்கு ஓரளவு வாய்ப்பு இருக்கிறது. எஸ்எஸ்டியில் மிகவும் குறைவு.

தமிழர்களுக்கென்று ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. யூனிகோட் பரவலாவதற்கு முன், தமிழ்க் கடிதங்கள் பலவும் திஸ்கி குறியேற்றத்தில் எழுதப்பட்டன. அந்தக் கால எம்பாக்ஸ் கோப்பை இன்று மீட்டெடுத்தால் முக்கால் பின்னக் குறி, தலையில் கோடிட்ட ஆங்கில ஏ, சென்ட் குறி, கோடிட்ட யூ என்று வரும். இந்த நான்கும் சேர்ந்ததுதான் திஸ்கியில் ‘தமிழ்’ என்ற சொல். கோப்பு கெட்டுப்போகவில்லை. விண்டோஸை மாற்றியபோது இணைமதி, ஆவரங்கால் போன்ற பழைய எழுத்துருக்களும் சேர்ந்து போய்விட்டன, அவ்வளவே. பழைய எழுத்துருவைத் திரும்ப நிறுவலாம். அல்லது கடிதத்தின் உடலை நகலெடுத்து என்.எச்.எம். கன்வர்ட்டர் போன்ற மாற்றியில் இட்டால் யூனிகோட் தமிழாகிவிடும். மாற்றியதைத் தனிக் கோப்பாகச் சேமியுங்கள். எம்பாக்ஸ் கோப்பில் மட்டும் கைவைக்காதீர்கள். மாற்றத்தில் எங்காவது ஓர் எழுத்து பிசகினால் ஒப்பிட்டுப் பார்க்க அது வேண்டும்.