கோழிக்கு முன் தரையைப் பாருங்கள்

வீட்டு வளவில் கோழி வளர்க்க நினைக்கும் நம் சகோதரர்கள் பலரும் முதலில் கேட்பது, "குஞ்சு என்ன விலை?" என்பதைத்தான். கடை போடுவதற்கு முன் இடம் பார்க்கிறோம் அல்லவா? கோழிக்கும் அப்படித்தான். முதலில் பார்க்க வேண்டியது தரை.

2022 பொருளாதார நெருக்கடியில் தீவனத்திற்குத் தட்டுப்பாடு வந்தது. 2023இல் இந்தியாவிலிருந்து முட்டை இறக்குமதி செய்தோம். செலவில் பெரும்பங்கு தீவனம்தான். ஈரத்தரையில் நோயுற்ற கோழி அந்தத் தீவனத்தைத் தின்னும், முட்டை இடாது. நட்டம் அங்கேதான் தொடங்குகிறது.

1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்டு, 2009க்குப் பின் முல்லைத்தீவுக்கும் வவுனியாவுக்கும் திரும்பிய குடும்பங்களில் பலருக்கு வளவு உண்டு, முதல் குறைவு. அவர்களுக்கு இக்கணக்கு மிக அவசியம்.

வன்னியில் ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரை மாரி மழை. ஆகவே செப்டெம்பருக்குள் வேலையை முடித்துவிடுங்கள். வளவில் மேடான இடத்தைத் தெரிவு செய்யுங்கள். கொட்டிலின் தரையைச் சுற்றியுள்ள நிலத்தைவிட ஓர் அடியாவது உயர்த்தி, கிரவல் போட்டு இடித்து இறுக்குங்கள். கூரைத் தண்ணீர் விலகி ஓட வாய்க்கால் வெட்டுங்கள். கோழி மேயும் வெளியை இரண்டாகப் பிரித்து மாறி மாறி விடுங்கள். ஓய்வில் இருக்கும் பக்கத்தைக் கொத்திப் புரட்டி, சுண்ணாம்புத் தூள் தூவி வெயிலில் காயவிட்டால் புழுவும் கிருமியும் குறையும்.

அடுத்தது கூளம். நெல் விளையும் வன்னியில் அரிசி ஆலைகளில் உமி கிடைக்கும். தச்சுப் பட்டறைச் சீவலும் நல்லது, அது ஈரத்தை அதிகம் உறிஞ்சும். இரண்டையும் கலக்கலாம். பூஞ்சணம் பிடித்த உமி, மருந்தடித்த பலகையின் தூள் இரண்டும் வேண்டாம். பூஞ்சணம் கோழியின் நெஞ்சைப் பாதிக்கும்.

10 அடிக்கு 10 அடி கொட்டில் 100 சதுர அடி. முட்டைக்கோழி ஒன்றுக்கு 2 சதுர அடி என்றால் 50 கோழிகள். 3 அங்குல உயரத்துக்கு உமி பரப்ப 25 கன அடி போதும். அதை வாரம் இருமுறை கிளறிவிட வேண்டும்.

பதம் பார்ப்பது இலகு. ஒரு பிடி கூளத்தை அள்ளி இறுக்கிப் பிடியுங்கள். கையை விரித்ததும் மெல்ல உதிர்ந்தால் சரி. உருண்டையாகவே நின்றால் ஈரம் அதிகம். கொஞ்சமும் பிடிபடாமல் தூளாகப் பறந்தால் காய்ந்துவிட்டது. ஈரக்கூளத்தில்தான் இரத்தக் கழிச்சல் பரவும். மூக்கையும் கண்ணையும் எரிக்கும் நாற்றம் வந்தால் காற்றோட்டம் போதாது. தண்ணீர்ப் பாத்திரத்தைக் கோழியின் முதுகு உயரத்தில் வையுங்கள். அங்கிருந்து சிந்தும் தண்ணீராலும் கூளம் ஈரமாகும். நனைந்த பகுதியை மட்டும் உடனே அள்ளி, காய்ந்த உமி போடுங்கள். மழைச்சாரல் அடிக்கும் பக்கம் சாக்குத் தொங்கவிடுங்கள், ஆனால் காற்றை முழுதாக அடைக்காதீர்கள்.

பழைய கூளமும் பணம்தான். 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டு, நவம்பரில் தளர்த்தப்பட்டது. அந்த மாதங்களில் எருவின் பெறுமதியை நம் விவசாயிகள் நேரில் கண்டார்கள். கூளத்தை மூடிக் குவித்து, மக்கிய பின் தோட்டக்காரருக்கு விற்கலாம். புதிதாகவே போட்டால் பயிர் கருகும்.

குஞ்சு வாங்கக் காசு எண்ணுமுன் கிரவலுக்கும் உமிக்கும் ஒரு தொகையை ஒதுக்குங்கள். தடுப்பூசிக்கு அரச கால்நடை வைத்திய அலுவலகத்தை நாடுங்கள். தரை காய்ந்திருந்தால் பாதி வைத்தியச் செலவு மிச்சம்.