ஒலி பேதமும் ஓதும் நாவும்

கண்டிக்கு வடக்கே, மாத்தளை வீதியிலுள்ள அக்குறணையில் தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட பாலகனுக்கு ஆங்கில எஸ், இஸட் எழுத்துகளின் ஒலிகள் ஒன்றுபோலக் கேட்குமாயின், அது செவியின் குறையன்று; தன் மொழியில் பொருளை மாற்றாத பேதங்களை உணரும் கூர்மை குழந்தைக்கு முதலாண்டிலேயே குன்றத் தொடங்குவதை 1984இல் உளவியல் ஆய்வாளர்களான வெர்க்கர், டீஸ் ஆகியோரின் ஆராய்ச்சி புலப்படுத்தியது. எஸ், இஸட் இரண்டிற்கும் நாவின் ஸ்தானம் ஒன்றே. பின்னதில் மட்டும் குரல்நாண்கள் அதிர்வதால், தொண்டையில் விரல் வைத்து உச்சரிக்கச் செய்தால், காது தவறவிட்டதை விரல் உணரும். அதனினும் மேலான துணையொன்று இவ்வூரிலேயே உண்டு: அரபு எழுத்துகளின் உச்சரிப்புப் பிழையாது குர்ஆன் ஓதப் பழகிய சிறுவர், எஸ் ஒலியுள்ள ஸீனையும் இஸட் ஒலியுள்ள ஸாயையும் முன்பே வேறுபடுத்தி அறிந்தவராதலின், ஆங்கில ஆசிரியர் அந்த அப்பியாசத்தை நினைவூட்டித் தொடங்குவதே உசிதம் என்பேன்; எஃப் ஒலிக்கும் அரபு ஃபா அவ்வாறே கைகொடுக்கும்.