பனகல் பூங்காவும் நம் ஊர்க்காரர்களும்

குலசேகரன்பட்டினத்தில் பிறந்தவர்களுக்குப் பூங்கா ஒன்று வேண்டுமென்ற எண்ணம் எழுவது அரிது. முத்தாரம்மன் கோயிலைத் தாண்டினால் கடற்கரை. அங்கே காற்றுக்குக் கட்டணமில்லை, மணலுக்கு மதிற்சுவருமில்லை. ஆனால், தசரா முடிந்த கையோடு தீபாவளி ஜவுளி எடுக்கச் சென்னைக்கு ரயிலேறும் நம் ஜனங்களும், ரங்கநாதன் தெருக் கடைகளில் காலை முதல் இரவு வரை நின்றபடியே வேலை பார்க்கும் தென்பாண்டிச் சீமைப் பிள்ளைகளும், சற்றே உட்கார ஓர் இடம் தேடித் தவிக்கும்போதுதான் பூங்காவின் அருமையை உணர்கிறார்கள். தியாகராய நகரில் அவ்வாறு கிடைக்கும் இடம் பனகல் பூங்கா.

அதன் பூர்வ சரித்திரம் விசித்திரமானது. ஒரு நூற்றாண்டுக்கு முன் அந்தப் பிரதேசத்தில் தெருக்களில்லை; நுங்கம்பாக்கம் முதல் சைதாப்பேட்டைப் பக்கம் வரை நீண்டு கிடந்த ஏரிதான் இருந்தது. வெள்ளைக்காரர்கள் அதனை லாங் டாங்க் என்றழைத்து, அதில் படகுப் பந்தயம் நடத்தி மகிழ்ந்தார்கள். பட்டணத்தில் குடியேற்றம் பெருகி, 1920-இல் நகரமைப்புச் சட்டமும் பிறந்து, நீதிக்கட்சி ஆட்சியில் 1923 தொடங்கி அவ்வேரியை வற்றச் செய்து மனைகளாகப் பிரித்தபோது, பெருவீதிகள் வந்து கூடும் நடுவிடத்தை மட்டும் விலை பேசாமல் பூங்காவாக விட்டு, 1921 முதல் 1926 வரை மாகாணத்தின் முதல் மந்திரியாக விளங்கிய பனகல் அரசர் ராமராயநிங்காரின் பெயரை அதற்குச் சூட்டினார்கள். நகருக்குப் பிட்டி தியாகராயர், சற்றுத் தொலைவிலுள்ள மற்றொரு பூங்காவுக்கு நடேச முதலியார், சாலைகளுக்கு உஸ்மான், டாக்டர் நாயர் என்று பெயர்களைப் படித்துக்கொண்டே நடந்தால், நீதிக்கட்சியின் சரித்திரத்தில் பாதி காலாலேயே விளங்கிவிடும்.

ஏரியை அழித்தது விவேகமான காரியமா? அல்ல என்பதே என் அபிப்பிராயம். 2021 நவம்பர் மழையில் தெருக்களில் தேங்கிய ஜலத்தைக் கண்டவர்கள் இதனை மறுக்கமாட்டார்கள். எனினும் அந்தப் பேராசைக்கு நடுவே கொஞ்சம் நிலத்தைப் பொதுவில் நிறுத்தினார்களே, அந்த அளவுக்கு அவர்களைப் பாராட்டத்தான் வேண்டும். கோடம்பாக்கத்து ஸ்டூடியோக்கள் செழித்த காலத்தில், சந்தர்ப்பம் வாய்க்காத நடிகர்களும் பாடலாசிரியர்களும் கதாசிரியர்களும் காத்துக் கிடந்து தங்கள் மனோரதங்களை ஒருவருக்கொருவர் சொல்லி ஆறியது இம்மரங்களின் நிழலில்தான். வாடகை கேட்காத திண்ணை அவர்களுக்கு அந்நகரில் வேறெங்கே இருந்தது? இப்போது காலையில் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர்கள் விறுவிறுவென்று நடக்கிறார்கள். பகலிலோ ஜவுளிப் பைகளை மடியில் வைத்துக்கொண்டு குடும்பங்கள் இளைப்பாறுகின்றன. பக்கத்தில் அமர்ந்திருக்கும் கடைப் பையனிடம் ஊர் விசாரித்துப் பாருங்கள். உடன்குடி என்றோ திசையன்விளை என்றோ சொன்னாலும் சொல்லுவான்.

கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி செல்லும் மெட்ரோ ரயிலுக்குப் பனகல் பூங்காவின் பெயரிலேயே சுரங்க நிலையம் அமைக்கிறார்கள். அதற்காகப் பூங்காவின் ஒரு பகுதியைத் தோண்டியிருக்கிறார்கள். ரயில் அவசியந்தான். ஆயினும் பணி முடிந்தபின் எடுத்த நிலத்தில் வாகன நிறுத்தமோ கடையோ முளைக்க இடங்கொடாமல், அதனை மண்ணும் மரமுமாகப் பூங்காவுக்கே திருப்பித் தருமாறு அதிகாரிகளை வேண்டிக்கொள்கிறேன்.